கைக்கெட்டும் தூரத்தில் ரக்பி டேக்கிள்: சடுகுடு ஆடி வந்த பையன்களுக்கு எங்கிருந்து தொடங்குவது?

செந்தூல் திடல்:

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் 15 வயதுக்குட்பட்ட பையன்களுக்குச் சனிக்கிழமை மாலைகளில் ரக்பி சொல்லிக்கொடுக்கிறேன். மொத்தம் 18 பேர். அவர்களில் 11 பேர் தமிழ்ப்பள்ளிக் காலத்திலிருந்தே சடுகுடு ஆடியவர்கள். ஆளைப் பிடிக்கவும் அஞ்சுவதில்லை, விழவும் அஞ்சுவதில்லை. அந்தத் துணிச்சலைப் பார்த்துப் பாதி வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். என் தவறுதான்.

எட்டு மீட்டர் தள்ளி ஓடி வருகிறவனை இவர்கள் அழகாக வீழ்த்துகிறார்கள். ரக்கின் (தரையில் கிடக்கும் பந்தின் மேல் இரு அணியினரும் நின்று முட்டும் குவியலின்) ஓரத்தில், ஒரு மீட்டருக்குள், பந்தை அள்ளிக்கொண்டு குனிந்து மோதுகிறவன் என்றால் தடுமாறிப்போகிறார்கள். ஓட இடமில்லை, பார்க்க நேரமில்லை. உடனே கை முன்னே போய்விடுகிறது.

போன சனிக்கிழமை ஒரு பையன் அப்படித்தான் வலது கையை நீட்டினான். பந்துக்காரன் ஓரடி விலகவும் இவன் தலை அவன் முழங்காலுக்கு முன்னால் போய் மாட்டிக்கொண்டது. நெற்றிப்பொட்டில் அடி. எழுந்தான், ஆனால் எங்கள் பக்கம் நடக்காமல் எதிர்ப்பக்கம் நடந்தான். அதைப் பார்த்ததும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மூளையதிர்ச்சி என்றார், ஓய்வு கொடுத்திருக்கிறார். பையன் நன்றாக இருக்கிறான்.

அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சார், தலையை எங்கே வைக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தீர்களா?" வாயால் சொல்லியிருக்கிறேன். கற்றுக் கொடுத்தேனா என்றால், இல்லை.

நெருக்கத்தில் செய்யும் டேக்கிளையும் (பந்துக்காரனைப் பிடித்து வீழ்த்துவதை), அதைத் தொடர்ந்து வரவேண்டிய துணையாட்டத்தையும் (பக்கத்தில் இருப்பவர்கள் வந்து உதவுவதை) எந்த வரிசையில் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.

பழைய ஃபிளாங்கர்:

தம்பி, நடந்ததை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. நான் 20 ஆண்டு ஆடினேன், அதற்குப் பிறகு ஏறத்தாழ அதே அளவு காலம் பயிற்சி கொடுத்துவிட்டேன். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறேன்.

உங்கள் பையன்களின் சிக்கல் கையில் தெரிகிறது, ஆனால் கோளாறு காலில் இருக்கிறது. கை முந்தினால் கால் நின்றுவிடும். கால் நின்றால் இடுப்பு பின்தங்கும், தலை முன்னே சாயும், கண் தரையைப் பார்க்கும். அதன்பிறகு தலை எங்கே போய் விழும் என்பது அவன் கட்டுப்பாட்டில் இல்லை. ஒரு மீட்டர் தூரத்தில் டேக்கிளைத் தீர்மானிப்பது அந்தக் கடைசி அடி ஒன்றுதான். வலது தோளால் மோதப்போகிறான் என்றால் வலது பாதம் பந்துக்காரனின் பாதத்துக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட அவன் கால்களுக்கு இடையில், ஊன்றியிருக்க வேண்டும். பாதம் ஊன்றிய பிறகு தோள், தோள் பட்ட பிறகு கை. இந்த வரிசை மாறக் கூடாது.

நான் செய்யும் பயிற்சி எளியது. பந்துக்காரனின் பாதத்தருகே தட்டையான கோன் ஒன்றை வைப்பேன். சாப்பாட்டுத் தட்டின் அளவில் இருக்கும். டேக்கிள் செய்பவன் ஓர் எட்டு தள்ளி, முழங்கால் மடக்கி நிற்பான். நான் கை தட்டியதும் அவன் முன்பாதம் அந்தக் கோனுக்குப் பக்கத்தில் விழ வேண்டும். அவ்வளவுதான், முதல் நாள் மோதலே கிடையாது. பாதம் விழும் சத்தத்தை மட்டும் கேட்பேன். இரண்டு சத்தம் கேட்டால் தயங்கி அடி வைத்திருக்கிறான் என்று பொருள்.

இரண்டாம் நாள் இரண்டு கையிலும் ஒவ்வொரு டென்னிஸ் பந்து கொடுங்கள். பந்தை இறுகப் பிடித்துக்கொண்டுதான் டேக்கிள் செய்ய வேண்டும். விரல்கள் பூட்டப்பட்டுவிட்டதால் சட்டையைப் பற்ற முடியாது. முழங்கையால் அணைத்து நெருக்கினால்தான் ஆள் நிற்பான். அப்படி நெருக்க வேண்டுமானால் கிட்டே போயே ஆக வேண்டும். சடுகுடுப் பையன்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

தலையைப் பற்றி: எதிரே வருகிறவனானால் காது அவன் தொடையின் வெளிப்புறத்தோடு ஒட்டும். பக்கவாட்டில் ஓடுகிறவனானால் கன்னம் அவன் பிட்டத்தின் பின்பக்கம் ஒட்டும். எந்த நிலையிலும் அவன் போகும் திசைக்குக் குறுக்கே தலை போகக் கூடாது. தாடை நிமிர்ந்திருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். கண்ணை மூடுகிறானா என்று பார்க்க நீங்கள் பந்துக்காரனுக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார வேண்டும். பயிற்சியாளர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் நிற்கிறோம். அங்கிருந்து கண் தெரியாது.

பத்து கேவ்ஸ் சடுகுடு:

ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் 'மருந்து' என்ற சொல் என்னைக் குத்திவிட்டது. சடுகுடு நோய் இல்லை. நான் இரண்டும் ஆடியவன், அதனால் சொல்கிறேன்.

சடுகுடுவில் பாடி வருகிறவன் நம்மைத் தொட்டுவிட்டுத் தன் எல்லைக்குத் திரும்பப் பார்க்கிறான். அவன் எடை நம்மைவிட்டு விலகும் திசையில் இருக்கும். ஆகவே பிடிக்கிறவன் இழுக்கிறான். ரக்பியில் பந்துக்காரன் நம்மைத் தாண்டிப் போகப் பார்க்கிறான், எடை நம் மேல் வருகிறது. இழுக்கப் பழகிய உடம்பு அங்கேயும் இழுக்கிறது. இழுக்கிறவன் பின்னால் சாய்வான். அவ்வளவுதான் வேறுபாடு. இதைப் பையன்களுக்கு இந்தச் சொற்களிலேயே சொல்லிப் பாருங்கள், உடனே புரியும்.

உண்மையில் ஆபத்தானது கணுக்கால் பிடிதான். பாய்ந்து காலைப் பற்றும்போது தலை முழங்காலின் பாதையில் இருக்கும். பாடி வருகிறவன் ஓடி வந்து மோதுவதில்லை என்பதால் எங்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ரக்பியில் அதே பிடி தலையில் வந்து முடியும். அதை மட்டும் முழுக்க மறக்கச் செய்யுங்கள். தொடைப் பிடியையும் இடுப்புப் பிடியையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, சங்கிலி. இருவர் கைகோத்து, பாடி வருகிறவனின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஒன்றாக நகர்வோம். ஒருவன் காலுக்குப் போனால் மற்றவன் மேலே அடைப்பான். ரக்கின் ஓரத்தில் காவல் நிற்கும் இரண்டு பேருக்கும் இதே வேலைதானே? கோத்த கையை மட்டும் விட்டுவிட்டால் போதும். நம் பையன்களுக்கு இது ரத்தத்தில் இருக்கிறது, வீணாக்காதீர்கள்.

பழைய ஃபிளாங்கர்:

சகோதரரே, அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். இழுப்பதற்கும் தாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சங்கிலி யோசனையை என் பையன்களிடமும் செய்து பார்க்கிறேன்.

பினாங்கு விசில்:

ஜார்ஜ் டவுனிலிருந்து ஒரு நடுவர். விதியின் பக்கமிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். டேக்கிளைக் கற்றுக்கொடுப்பவர்கள் அதை ஆள் விழுந்ததோடு முடித்துவிடுகிறார்கள். நான் ஊதும் தண்டனைகளில் பெரும்பகுதி அதற்குப் பின்வரும் இரண்டு நொடியில்தான்.

பிடிபட்டவனின் ஒரு முழங்கால் தரையில் பட்டாலே அவன் தரையில் இருப்பவனாகிவிடுகிறான். அந்தக் கணமே டேக்கிள் செய்தவன் பிடியை விட வேண்டும். விலக வேண்டும், அல்லது எழ வேண்டும். எழுந்து நின்ற பிறகே, தன் அணியின் கோட்டுப் பக்கமிருந்து வந்து பந்தைத் தொடலாம். சடுகுடு ஆடியவர்களிடம் நான் காணும் குறை இங்கேதான். அங்கே விசில் வரும்வரை பிடியை விடக் கூடாது. இங்கே விடாதவனுக்குத்தான் விசில். ஆகவே, செந்தூல் நண்பரே, பிடிப்பதைப் பழக்கும் அதே நாளில் விடுவதையும் பழக்குங்கள். பின்னால் தனியாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒத்திப்போட்டால் அது ஒட்டாது.

துணைக்கு வருகிறவர்களுக்கு: ரக்கில் சேரும்போது தலையும் தோளும் இடுப்புக்குக் கீழே போகக் கூடாது. கடைசிப் பாதத்துக்குப் பின்னாலிருந்து நுழைய வேண்டும். கையால் அணைத்துச் சேர வேண்டும், ஓடி வந்து இடிக்கக் கூடாது. பந்தின் மேல் குனிந்திருப்பவனைப் பக்கவாட்டில் கழுத்தோடு சுருட்டி உருட்டி, அவன் காலின் மேல் விழும் 'முதலை உருட்டல்' 2024 ஜூலையிலிருந்து தடை. பழைய காணொளிகளைப் பார்த்துப் பழகிய பையன்கள் இன்னும் செய்கிறார்கள்.

பந்துக்காரனின் இடுப்பைப் பற்றிக்கொண்டு பின்னாலிருந்து உந்தும் ஒருவனுக்கு அனுமதி உண்டு, ஆனால் ரக்குக்கு முதலில் வருகிறவனுக்குள்ள கடமைகள் எல்லாம் அவனுக்கும் உண்டு. விழாமல் காலில் நிற்க வேண்டும். மோதலுக்கு முன்பே மூன்று பேர் ஒட்டிக்கொண்டு வருவதை 2021இலேயே நிறுத்திவிட்டார்கள்.

பாயான் லெப்பாஸ் அம்மா:

எனக்கு ஆட்டம் தெரியாது. என் மகனுக்கு 14 வயது, பள்ளியில் சேர்ந்துவிட்டான். இந்த இழையை இரண்டு முறை படித்தேன். நடந்தது யாருடைய பிள்ளையோ, எனக்கு வயிறு கலங்கிவிட்டது. தலையில் போடும் அந்த மெத்தைத் தொப்பியை வாங்கிக் கொடுத்தால் போதுமா? வேறு என்ன கேட்க வேண்டும்?

பிசியோ அக்கா:

அம்மா, தொப்பி காதையும் தோலையும் காக்கும். மூளையதிர்ச்சியைத் தடுக்கும் என்று அதை நம்ப முடியாது. தொப்பி போட்ட துணிச்சலில் தலையைக் கொடுக்கும் பையன்களையும் பார்த்திருக்கிறேன். வாங்கிக் கொடுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். பல்லுக்கு மவுத் கார்டு கட்டாயம்.

பயிற்சியாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியது: மோதல் பயிற்சி எந்த நேரத்தில் நடக்கிறது, எவ்வளவு நேரம் நடக்கிறது. தலையில் அடிபடுவது டேக்கிளில்தான் அதிகம். அதிலும் பந்துக்காரனைவிட டேக்கிள் செய்பவனுக்கே அதிகம். களைத்த பிள்ளைக்கு முதலில் தளர்வது காலும் கழுத்தும். கோலாலம்பூரின் மாலை வெக்கையில் ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டு, கடைசியில் 'வாருங்கள், டேக்கிள் போடலாம்' என்று கூப்பிடுவதை நான் பல திடல்களில் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறேன். உடல் சூடானதும் முதல் 20 நிமிடத்துக்குள் மோதலை முடித்துவிட வேண்டும். உலக ரக்பி அமைப்பு 2021இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே வாரத்தில் 15 நிமிட முழு மோதல் போதும் என்று வழிகாட்டியது. வளரும் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் எதற்கு?

அடிபட்ட பிள்ளை அதே நாளில் திரும்பக் களமிறங்கக் கூடாது. எங்கள் குழுவில் குறைந்தது 21 நாள் கழித்தே போட்டி, அதுவும் மருத்துவர் பார்த்த பிறகு. இதைப் பேரம் பேசும் இடத்தில் உங்கள் மகனை விடாதீர்கள்.

இங்கிலாந்தின் அமெச்சூர் ஆட்டங்களில் 2023 முதல் மார்பெலும்பின் அடிவிளிம்புக்குக் கீழேதான் டேக்கிள் செய்யலாம். நம் ஊர் விதி எப்படி இருந்தாலும், பயிற்சியில் அந்தக் கோட்டை வைத்துக்கொள்ள யாரும் தடுக்கப்போவதில்லை. என் குழுவில் பையன்களின் சட்டையில் அந்த உயரத்தில் ஒட்டுப்பட்டை ஒட்டிவிடுவோம்.

எண் ஒன்பது:

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. மண்டியிட்டும் நின்ற இடத்திலும் செய்யும் பயிற்சிகளில் பையன்கள் இரண்டே வாரத்தில் சலித்துப்போகிறார்கள். என் குழுவில் ஆறு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஆட்டத்துக்குள்தான் கற்றுக்கொள்ள முடியும் என்பது என் எண்ணம்.

பழைய ஃபிளாங்கர்:

தம்பி, சலிப்பு உண்மைதான். அதற்காகப் படியைத் தாண்ட முடியாது, ஆனால் படியைச் சிறியதாக்கலாம். ஒரு பயிற்சிக்கு ஆறு நிமிடம் போதும். அது முடிந்ததும் உடனே ஐந்து மீட்டர் அகலத்தில் மூவருக்கு இருவர் ஆட்டம் விடுங்கள். இப்போது கற்ற பாதத்தை இப்போதே ஆட்டத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

இனி துணையாட்டத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

1998 காமன்வெல்த் விளையாட்டு நம் கோலாலம்பூரில் நடந்தபோதுதான் எழுவர் ஆடும் செவன்ஸ் ரக்பி முதன்முறையாக அதில் சேர்ந்தது. ஆட்டங்கள் பெட்டாலிங் ஜெயா அரங்கத்தில். நியூசிலாந்து தங்கம், ஃபிஜி வெள்ளி. அந்த நியூசிலாந்து அணியில் ஜோனா லோமு இருந்தார். அவரை நேரில் பார்த்தபோது 1995 உலகக் கோப்பைதான் என் நினைவுக்கு வந்தது. அரையிறுதியில் இங்கிலாந்தின் மைக் கேட் தனியாக எதிரே நின்றார். லோமு அவர் மேலேயே ஏறி ஓடினார். இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா 15-12 என்று வென்றபோது லோமுவால் ஒரு டிரைகூட (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட முடியவில்லை. ஒருவர் காலுக்குப் போனார், அவர் எழுவதற்குள் அடுத்தவர் வந்து சேர்ந்தார். தனி ஆளாக நின்று தடுப்பதற்கும் துணையோடு தடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் பையன்களிடம் இந்த இரண்டு ஆட்டங்களை வைத்தே விளக்குவேன்.

தாக்கும் பக்கத்திலும் அப்படியே. பந்துக்காரனுக்குப் பின்னால் ஒருவன் வர வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு பின்னால்? ஒட்டிக்கொண்டு வந்தால், விழுகிறவன் மேலேயே தடுக்கி விழுவான். ஐந்து மீட்டர் பின்தங்கினால், எதிராளி அதற்குள் பந்தின் மேல் குனிந்து கையை வைத்துவிடுவான். இரண்டு பேர் கை நீட்டினால் விரல் தொடும் தூரம், சற்றே உள்பக்கம். அதுதான் என் கணக்கு. அங்கிருந்து பார்த்தால் பந்துக்காரனின் தோள்கள் தெரியும். தோள் எதிராளியைத் தாண்டிவிட்டதா? பந்து கைக்கு வரும், கையை ஏந்து. தோள் தடுக்கப்பட்டதா? ஆள் விழப்போகிறான், பந்தைத் தாண்டிப் போய்க் காவல் நில். இந்த ஒற்றைத் தீர்மானத்தைத்தான் பழக்க வேண்டும். சதைப்பலம் பின்னால் வரும்.

பலர் செய்யும் பிழை, துணைக்கு வருகிறவன் பந்தையே பார்த்துக்கொண்டு வருவது. பந்து எங்கேயும் ஓடிப்போகாது. அவன் பார்க்க வேண்டியது பந்தை எடுக்க வருகிற எதிராளியின் மார்பை.

விழுகிறவனுக்கும் கடமை உண்டு. விழுந்த பிறகு துணைக்காகக் காத்துக் கிடப்பவனுக்குத் துணை வந்து பயனில்லை. இரண்டு அடியாவது காலை உந்திவிட்டு, தோளிலும் இடுப்பிலும் விழுந்து, உடம்பை வில்லாக வளைத்துப் பந்தைத் தன் பக்கம் கை நீளத்துக்கு வைக்க வேண்டும். அந்தக் கை நீளம் துணைக்கு வருகிறவனுக்கு அரை நொடி வாங்கித் தரும்.

பதின்மர் ஆட்டம் நம் ஊரில் பிறந்தது. 1967இல் கோப்ரா கழகம் தொடங்கிய போட்டியிலிருந்து வந்தது அது. பதினைந்து பேருக்கான திடலில் பத்துப் பேர். ரக்குக்கு மூன்று பேரை அனுப்பினால் வெளியே காவலுக்கு ஆளிருக்காது. முதலில் வருகிறவன் ஒருவனே வேலையை முடிக்க வேண்டும். ஆகவே துணையாட்டம் பழக்கப் பதின்மர் ஆட்டத்தைவிட நல்ல களம் எனக்குத் தெரியாது.

செந்தூல் திடல்:

ஐயா, ஒரு சிறு கேள்வி. திடலில் எந்த மொழியில் கூப்பிடச் சொல்கிறீர்கள்? என் பையன்கள் தமிழில் கத்துகிறார்கள். அணியில் ஐந்து மலாய்ப் பையன்களும் இரண்டு சீனப் பையன்களும் இருக்கிறார்கள்.

பினாங்கு விசில்:

ஐயாவுக்கு முன் நான் பதில் சொல்லிவிடுகிறேன். மலாயில் இடம், வலம்: கீரி, கானான். எல்லோருக்கும் காதில் ஏறும், இரண்டே அசை. துணைக்கு வருகிறவன் எந்தப் பக்கம் இருக்கிறான் என்பது பந்துக்காரனுக்குத் தெரிய வேண்டும், வேறெதுவும் வேண்டாம். ஓடிக்கொண்டே வாக்கியம் பேசும் பையன்களை நிறையப் பார்க்கிறேன்.

செந்தூல் திடல்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் சனிக்கிழமை கோன் பயிற்சி மட்டும். அடிபட்டவன் போக 17 பேரில் நான்கு பேருக்குத்தான் ஒரே சத்தத்தில் பாதம் விழுந்தது. பந்துக்காரனுக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பது பேர் கண்ணை மூடுகிறார்கள். இரண்டு வருடமாக இவர்களோடு இருக்கிறேன், இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

இரண்டாம் வாரம் இடி மின்னல், திடலில் இறங்க முடியவில்லை. மண்டபத்தின் வராந்தாவில் உட்கார வைத்து, இழுப்பது எது, தாங்குவது எது என்று சடுகுடு அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "அப்படியானால் பாடி வருகிறவன் திரும்பிப் போகாமல் நம் கோட்டைத் தாண்டப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும்" என்றான். நான் அரை மணி நேரம் பேசியதை அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான்.

மூன்றாம் வாரம் டென்னிஸ் பந்து. சட்டையில் ஒட்டுப்பட்டை. ஆறு நிமிடம் பயிற்சி, உடனே மூவருக்கு இருவர். ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. அணியிலேயே பெரிய பையன் பந்தோடு குனிந்து வந்தான். எதிரே நின்றவன் அவன் எடையில் பாதி இருப்பான். பாதம் உள்ளே விழுந்தது, காது தொடையின் வெளிப்புறம் ஒட்டியது, முழங்கைகள் இரண்டும் சேர்ந்தன. பெரியவன் முதலில் நின்றான், பிறகு மெதுவாகச் சாய்ந்தான். விழுந்ததும் சின்னவன் விரலை விரித்து இரண்டு டென்னிஸ் பந்துகளையும் புல்லில் விட்டுவிட்டு, எழுந்து, சுற்றி வந்து, ரக்பி பந்தை எடுத்துக்கொண்டான். விடு என்று நான் சொல்லவே இல்லை. கையில் இருந்ததைப் போட்டால்தான் அடுத்ததை எடுக்க முடியும் என்று அவன் கையே சொல்லிவிட்டது போலிருக்கிறது. நடுவர் ஐயா கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

துணையாட்டம் இன்னும் சரியாக வரவில்லை. விரல் தொடும் தூரம் என்றால் எல்லோரும் ஒட்டிக்கொள்கிறார்கள். எதிராளியின் மார்பைப் பார்க்கச் சொன்னால் நின்று பார்க்கிறார்கள். அதற்கு இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.

அடிபட்ட பையன் மருத்துவர் சொன்னபடி ஓட ஆரம்பித்திருக்கிறான். மோதல் இன்னும் இல்லை. நேற்று அவன் அம்மா குடையோடு வந்து திடலோரம் நின்றார். நான் போய் அவரைப் பந்துக்காரனுக்குப் பின்னால், நான் உட்காரும் இடத்துக்கே அழைத்து வந்து, தலை எங்கே போகிறது என்று காட்டினேன். பதினேழு பேர் செய்வதையும் நின்று பார்த்தார். "அந்தச் சிவப்புச் சட்டைப் பையன் கண்ணை மூடுகிறான் சார்" என்றார். சரியாகச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை 5 மணிக்குத் தொடங்குகிறோம். சங்கிலியைப் பழக்க பத்து கேவ்ஸ் அண்ணன் வர முடியுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள். பழைய டென்னிஸ் பந்து யாரிடமாவது இருந்தால் 12 தேவைப்படுகிறது.